கிராமத்தில் குடியேறிச் சிற்பம் செய்ய இருவர் போதும்: கூடம் போடுவதிலிருந்து முதல் வார்ப்பு வரை

நகரத்தை விட்டுக் கிராமத்து வீட்டுக்கு வரும் சிற்பத் தம்பதிகள் முதலில் தேடுவது வெளிச்சமும் அமைதியும். இரண்டும் கிடைத்துவிடும். கிடைக்காதது கனம் தூக்கிவிட ஆள். ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துக் கூடத்திலிருந்து நான்கு பேர் வந்து கை கொடுக்கும் வசதி இங்கே இல்லை. அதனால் வாசல், தரை, மேசை, முதல் வேலையின் அளவு என எல்லாவற்றையும் இரண்டு பேர் தூக்கும் எடையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

எடைக் கணக்கு

இருவர் சேர்ந்தால் தூக்கும் திறன் இரட்டிப்பாகும் என்று நினைப்பது தவறு. நடை ஒத்துப்போகாது, பிடி ஒத்துப்போகாது, உயரமும் ஒத்துப்போகாது. தனித்தனியாகத் தூக்கக்கூடியதைக் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கணக்கில் வையுங்கள். ஒருவர் 25 கிலோவும் மற்றவர் 20 கிலோவும் சிரமமில்லாமல் தூக்கினால் இருவருக்கும் சேர்த்து எல்லை 30 கிலோ. அதுவும் இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடித்தால்தான்.

ஒரு பத்து லிட்டர் வாளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஈரக் களிமண் நிரப்பினால் 18 முதல் 20 கிலோ. இறுகிய சிமெண்ட் கலவை சுமார் 22. அதே கன அளவு கிரானைட் அல்லது பளிங்கு 27. வெண்கலம் என்றால் 88. 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரம் உள்ள ஒரு கல் பார்வைக்குச் சின்ன முக்காலி மாதிரிதான் இருக்கும். எடை 145 கிலோ. ஆளுயரச் சிலையை உள்ளே கூடாக, 2 செ.மீ. கனத்தில் வார்த்தாலும் கம்பி சேராமலே 80 கிலோ வரும். ஆக, முதல் ஆண்டில் தலை, மார்பளவு, அரை ஆள் உயரம் போதும். அதற்கு மேல் போவதென்றால் சிலை நிற்கப்போகும் இடத்திலேயே கட்டுவது ஒரு வழி, துண்டு துண்டாக வார்த்துப் பூட்டுவது இன்னொரு வழி.

இடம்: ஒரு மழையைப் பார்த்த பிறகு

பழைய தொழுவமோ தானியக் கொட்டகையோ இருந்தால் நல்லது. ஆனால் வந்த வாரமே தரை போடாதீர்கள். ஒரு பெருமழையாவது பெய்து, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, வண்டித்தடம் எவ்வளவு சேறாகிறது என்று பார்க்க வேண்டும். சாலையிலிருந்து கூடம் வரையுள்ள பாதைதான் பலர் மறப்பது. வாசல் 1.2 மீட்டராவது அகலம் இருக்க வேண்டும். வாசற்படி இருந்தால் அதை எடுத்துவிட்டுச் சாய்தளம் போடுங்கள். ஒரு படிக்கட்டுக்காக ஆயுள் முழுக்க முதுகு வலிக்க வேண்டியதில்லை.

தரைக்கு, நன்றாக இடித்த 10 செ.மீ. சரளையின் மேல் 10 செ.மீ. கான்கிரீட். ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் வெளிப்பக்கமாகச் சாய்வு. பளபளப்பான ஓடு வேண்டவே வேண்டாம். ஈரக் களிமண் பட்டால் வழுக்கும்.

கூரைச் சட்டத்தில் புல்லியைத் தொங்கவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். பழைய மரச்சட்டம் கூரையைத் தாங்கத்தான் போடப்பட்டது. உள்ளே கரையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதற்குப் பதில் இரும்புக் குழாயில் மூன்றுகால் தாங்கி செய்துகொள்ளுங்கள். மூன்று மீட்டர் கால்கள் மூன்று, உச்சியில் ஒரே போல்ட், அதில் ஒரு செயின் புல்லி. கால்களின் அடியை மூன்று பக்கமும் சங்கிலியால் பிணைப்பது கட்டாயம். பிணைக்காவிட்டால் எடை ஏறியதும் கால்கள் விலகிச் சரியும். தூக்கும் பொருள் எப்போதும் மூன்று காலுக்கும் நடுவில் இருக்கட்டும். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது.

கூடத்துக்குள் இரண்டு உலகங்கள் வேண்டும். ஒன்று களிமண் பக்கம், மற்றது பிளாஸ்டர் (ஜிப்சத்திலிருந்து கிடைக்கும் வெள்ளைத் தூள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), சிமெண்ட், கல் பக்கம். நடுவில் சுவர் இல்லாவிட்டாலும் தொங்கும் தார்ப்பாயாவது இருக்கட்டும். சுடப்போகும் களிமண்ணில் ஒரு மிளகளவு பிளாஸ்டர் விழுந்தால் சூட்டில் அது மாறி, பின்னர் காற்றின் ஈரத்தை இழுத்து வீங்கும். சூளையிலிருந்து நல்லபடியாக வந்த சிற்பத்தின் கன்னத்தில் சில நாட்களோ வாரங்களோ கழித்து ஒரு சில்லு தெறித்து விழும். காரணம் தெரியாமல் களிமண்ணைத் திட்டுபவர்கள் நிறைய.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து, தலைக்குச் சற்று மேலிருந்து விழ வேண்டும். பூமியின் வட பாதியில் வடக்குச் சன்னலும் தென் பாதியில் தெற்குச் சன்னலும் ஆண்டின் பெரும்பகுதி நாள் முழுக்க அதிகம் மாறாத ஒளி தரும். நேர் மேலே ஒரு குழல் விளக்கைப் போட்டால் எல்லா மேடுபள்ளமும் தட்டையாகிவிடும்.

கல்லறுக்கும் சத்தமும் தூசியும் ஊருக்குள் தூரம் போகும். எந்த நேரத்தில் கிரைண்டர் ஓடும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அந்தப் பக்கத்தில் யாருடைய கிணறும் துணிக்கொடியும் இருக்கின்றன என்று பார்த்து, அவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். புகார் வந்த பிறகு பேசுவது வேறு பேச்சு.

தண்ணீர் வெளியேறும் வழி

களிமண்ணும் பிளாஸ்டரும் கலந்த தண்ணீரைக் குழாய்த் தொட்டியில் ஊற்றக் கூடாது. பிளாஸ்டர் தண்ணீருக்குள்ளும் இறுகும். அடைத்த குழாயைப் பெயர்த்தெடுக்கத்தான் வேண்டும். மூன்று வாளி போதும். முதல் வாளியில் கருவியையும் கையையும் கழுவுங்கள், இரண்டாவதில் அலசுங்கள், மூன்றாவதில் கடைசியாக ஒரு முறை. இரவெல்லாம் தெளியவிட்டு, காலையில் மேல்தண்ணீரை மறுபடி பயன்படுத்தலாம். அடியில் படிந்த களிமண்ணை மீட்கலாம். பிளாஸ்டர் வாளியின் வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி வாளிகள், வேறு வேறு நிறத்தில்.

முதல் வேலை: ஒரு தலை

கழுத்தோடு சேர்த்து 40 செ.மீ. உயரமுள்ள தலை ஒன்று நல்ல தொடக்கம். களிமண்ணில் உருவாக்கி, பிளாஸ்டரில் அச்சு எடுத்து, சிமெண்டில் வார்ப்பது. ஒரே வேலையில் முக்கியமான எல்லாத் தவறுகளையும் செய்து பார்த்துவிடலாம்.

தேவையானவை: 18 மி.மீ. கனமுள்ள 40 செ.மீ. சதுர ஒட்டுப்பலகை, அரை அங்குல இரும்புக் குழாய் 30 செ.மீ., அதைப் பலகையில் பூட்ட ஒரு ஃபிளாஞ்ச், நான்கு மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி இரண்டு மீட்டர், 15 கிலோ களிமண். பலகையின் அடியில் இரண்டு மரச்சட்டம் அடியுங்கள். இல்லாவிட்டால் தூக்கும்போது விரல் நுழைய இடம் இருக்காது.

குழாயை நட்டு, உச்சியில் கம்பியை இரண்டு வளையங்களாக, ஒன்றுக்கொன்று குறுக்கே, முட்டை வடிவில் கட்டுங்கள். வளையம் முடிக்கப்போகும் மேற்பரப்புக்கு 3 செ.மீ. உள்ளே நிற்க வேண்டும். அடுத்து, விரல் நீளக் குச்சிகள் இரண்டைப் பெருக்கல் குறிபோலக் கட்டி, வளையத்தின் உள்ளே கம்பியில் தொங்கவிடுங்கள். வண்ணத்துப்பூச்சி என்று இதற்குப் பெயர். இது இல்லாமல் போட்ட களிமண், இரண்டாம் நாள் காலையில் தாடையெல்லாம் கழுத்துக்கு இறங்கி உட்கார்ந்திருக்கும். களிமண்ணைக் கம்பி தாங்காது, வண்ணத்துப்பூச்சிதான் தாங்கும்.

களிமண்ணைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். உள்ளிருந்து சின்னச் சின்ன உருண்டைகளாக அடித்து ஒட்டுங்கள். தடவி ஒட்டினால் உள்ளே காற்று நிற்கும். முதல் நாள் மூக்கு, கண் எதற்கும் போகாதீர்கள். மண்டையின் அகலம், பக்கவாட்டு ஆழம், கழுத்து முன்னோக்கிச் சாயும் கோணம் இவை மட்டும். கழுத்து நேர்க்குத்தாக நிற்பதுதான் புதியவர்களின் பொதுத் தவறு. கழுத்து பின்னாலிருந்து முன்னால் சாய்ந்துதான் தலையைச் சுமக்கிறது. கோணம் தவறு என்று தெரிந்தால் கம்பியை அப்போதே வளைத்துவிடுங்கள். முகம் முடிந்தபின் கம்பி காதோரம் வெளியே எட்டிப்பார்த்தால் அதைத் திருத்த வழியில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பலகையை எட்டில் ஒரு பங்கு திருப்புங்கள். வேலைக்கு எதிரே ஒரு கண்ணாடி இருந்தால் இடவலம் மாறித் தெரியும். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல் அதில் மாட்டிக்கொள்ளும். இரவில் தண்ணீர் தெளித்துப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். ஈரத்துணியை நேராக முகத்தின் மேல் போட்டால் நுண்வேலை கரையும். நான்கு குச்சி நட்டு அதன் மேல் போடலாம்.

இங்கே தம்பதிகளுக்கு ஒரு சொல். மற்றவருடைய களிமண்ணில் கேட்காமல் விரல் வைக்கக் கூடாது. கருத்துச் சொல்வதானால் மூன்று மீட்டர் தள்ளி நின்று சொல்லுங்கள். அந்தத் தூரத்தில் தெரியும் குறைதான் பெரிய குறை. பக்கத்தில் போனால் தெரிவதெல்லாம் ரசனை வேறுபாடு.

அச்சு எடுக்கும் நாள்: ஈரக்கை, உலர்கை

இருவராக இருப்பதன் முழுப் பயனும் இந்த நாளில்தான் தெரியும். ஒருவர் ஈரக்கை: பிளாஸ்டரைத் தொடுபவர் அவர் மட்டுமே. மற்றவர் உலர்கை: எடை போடுவது, சலிப்பது, நேரம் பார்ப்பது, சணல் எடுத்துத் தருவது. உலர்கைக்காரர் நடுவில் ‘நானும் கொஞ்சம்’ என்று கையை நனைத்தால் பிளாஸ்டர் மூட்டை, கடிகாரம், கதவுப்பிடி எல்லாம் நாசமாகும்.

இது கழிவு அச்சு. ஒரே ஒரு வார்ப்புக்குத்தான். கடைசியில் அச்சை உடைத்துத்தான் சிற்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ரப்பர் அச்சு இதைவிட வசதி, ஒன்றுக்கு மேற்பட்ட பிரதியும் எடுக்கலாம். ஆனால் செலவு பலமடங்கு, முதல் வேலைக்குத் தேவையில்லை.

இந்தத் தலைக்கு 10 கிலோ பிளாஸ்டர் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். கலக்கும் அளவு: 1 லிட்டர் தண்ணீருக்கு 1.4 கிலோ தூள். தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும். தூளில் தண்ணீர் ஊற்றினால் கட்டி விழும். தூவி முடித்ததும் இரண்டு நிமிடம் தொடாமல் ஊறவிடுங்கள். பிறகு கையை அடியிலேயே வைத்து, காற்று நுழையாமல் இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். விரலை விட்டு எடுத்தால் நகம் தெரியாமல் வெள்ளையாகப் படிய வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் சேர்த்து இளக்கப் பார்க்காதீர்கள். அது மறுபடி இறுகும்போது சுண்ணாம்புக்கட்டி போல உதிரும். பழைய பிளாஸ்டர் ஒட்டிய வாளியில் கலந்தால் நினைத்ததைவிடச் சீக்கிரம் இறுகிவிடும். பழைய துணுக்குகளே இறுகலைத் தூண்டிவிடுபவை.

முதலில் பிரிகோடு. ஒரு காதின் பின்னாலிருந்து உச்சி வழியாக மறு காதின் பின்னால் வரை. மெல்லிய பித்தளைத் தகடு அல்லது பானக் குவளையில் வெட்டிய அலுமினியத் தகடு, 3 செ.மீ. அகலத் துண்டுகளாக. ஒவ்வொன்றையும் 1 செ.மீ. ஆழம் களிமண்ணில் குத்தி, ஒன்றன் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறுமாறு வேலிபோல நிறுத்துங்கள். நாலைந்து இடத்தில் தகட்டை வி வடிவில் மடித்துக் குத்தினால், பின்னர் இரண்டு பாதியும் தடம் மாறாமல் பூட்டிக்கொள்ளும்.

முதல் பூச்சுக்கு அரை லிட்டர் தண்ணீர், 700 கிராம் தூள். தண்ணீரிலேயே ஒரு கரண்டி நீல அல்லது காவி நிறத்தூள். இந்த நிறம்தான் பிறகு உளியை நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை. கலவையைத் தடவாதீர்கள், விரல்களால் விசிறி அடியுங்கள். மூக்குத்துளை, காது மடல், கண் ஓரம் எல்லாம் நிறைய வேண்டும். பள்ளத்தில் காற்றுக்குமிழி நின்றால் வாயால் ஊதுங்கள், விலகும். கனம் 4 மி.மீ. போதும்.

இது இறுகியதும், பிரிகோட்டின் ஓரம் 3 செ.மீ. விட்டுவிட்டு, மற்ற இடங்களில் நீர்த்த களிமண் குழம்பை மெல்லப் பூசுங்கள். வெளிப்பூச்சு உள்பூச்சோடு ஒட்டிக் கல்லாகாமல் இது பார்த்துக்கொள்ளும். ஓரத்தில் மட்டும் இரண்டும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு நிறமில்லாத பிளாஸ்டர், 2 செ.மீ. கனம். நடுவில் பிளாஸ்டரில் தோய்த்த சணல் நார், பாதிக்கு ஒன்றிரண்டு கம்பித் துண்டு. தகடுகளின் நுனி வெளியே தெரியும்படி ஓரத்தைச் சுரண்டிவிடுங்கள்.

இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். கனமான பூச்சு 60 டிகிரி வரை கூடப் போகும். கை, கால், முகம் எதையும் நேராகப் பிளாஸ்டருக்குள் புதைத்து அச்சு எடுக்கக் கூடாது. விரல்களையே இழக்கும் அளவுக்குத் தீக்காயம் ஏற்படலாம்.

சூடு ஏறி இறங்கிய பிறகு, ஒரு மணி நேரம் கழித்து, பிரிகோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மர ஆப்புகளைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகுங்கள். தண்ணீர் உள்ளே போய்க் களிமண்ணை வீங்கவைக்கும்; பின்பாதி ஒரு உறிஞ்சும் சத்தத்தோடு கழன்று வரும். முன்பாதிக்குள் இருக்கும் களிமண்ணை நடுவிலிருந்து தோண்டுங்கள், ஓரத்திலிருந்து அல்ல. உலோகக் கருவி அச்சின் உள்பக்கம் படவே கூடாது. கடைசி மெல்லிய படலத்தைத் தண்ணீரும் மென்மையான பிரஷும் பார்த்துக்கொள்ளும்.

சிமெண்ட் வார்ப்பு

அச்சு ஈரமாக இருக்கும்போதே, வெந்நீரில் கரைத்த சோப்புக் கரைசலை மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் நுரையைத் துடைத்தெடுங்கள். சோப்பு பிளாஸ்டரோடு சேர்ந்து கரையாத ஒரு படலமாக மாறும். சிமெண்ட் ஒட்டாமல் காப்பது அதுதான். பள்ளங்களில் நுரை தேங்கினால் சிற்பத்தின் கண் குழியில் அம்மைத் தழும்பு வரும். அதன் பின் அச்சைத் தண்ணீரில் நன்றாக நனையவிடுங்கள். உலர்ந்த அச்சு சிமெண்டின் தண்ணீரைக் குடித்துவிடும், முகத்தின் மேல்தோல் மாவாக உதிரும்.

மணலைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கிச் சில மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல், மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் அந்த மணலைக் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். கடல் மணல் வேண்டாம். உப்பு கம்பியைத் தின்னும்.

கலவை எடை அளவில்: சிமெண்ட் 10 கிலோ, 2 மி.மீ. சல்லடையில் சலித்த உலர்ந்த மணல் 20 கிலோ, தண்ணீர் 4 முதல் 4.5 லிட்டர். இந்தத் தலைக்கு இதில் பாதியே போதும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. வேலை சுலபமாகட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் வெடிப்புகளுக்கு முதல் காரணம். இறுக்கத்துக்குத் தேவைப்படாத தண்ணீர் ஆவியாகிப் போகும். அது விட்டுப்போகும் இடமெல்லாம் நுண்துளை.

நுண்மணலோடு கலந்த முதல் பூச்சை 3 மி.மீ. கனத்துக்குப் பிரஷால் குத்திக் குத்திப் பூசுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பின்பூச்சு, மொத்தம் 15 முதல் 20 மி.மீ. பலம் சேர்க்க நார் போடுவதானால் காரத்தைத் தாங்கும் கண்ணாடி நார் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடி நாரைச் சிமெண்டின் காரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். இரண்டு பாதியின் விளிம்பையும் உள்பக்கமாகச் சரித்து விட்டு, அதில் புதுக் கலவை வைத்து, அச்சை மூடிக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். ஒருவர் அச்சைச் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் கழுத்து வழியே கையை விட்டு உள்மூட்டை அடைக்க வேண்டும். கை நுழையாத கழுத்தாக இருந்தால் இதை வடிவமைக்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஈரம் குறையாமல் ஏழு நாள். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினை புரிந்துதான் இறுகுகிறது. 28 நாள் இப்படி ஈரத்தில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழ் போகும் நாளில் வார்க்காதீர்கள். கடும் வெயில் நாளில் நிழலில் வாருங்கள்.

பிறகு உடைப்பு. முனை மழுங்கிய உளி, லேசான மரச்சுத்தி. மேற்பரப்புக்கு நேர்க்குத்தாக அடியுங்கள். சாய்த்து அடித்தால் உளி வழுக்கி மூக்கில் போய் நிற்கும். உச்சி, பின்தலை போன்ற பெரிய பரப்புகளில் தொடங்கி, காதும் மூக்கும் கடைசியில். முதல் பூச்சின் நிறம் தெரிந்ததும் வேகத்தைக் குறையுங்கள். இந்த வேலைக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்க வேண்டும். மாலைக்குள் முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டவர்களின் சிற்பங்களைக் காதைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம்.

பிளாஸ்டர் துணுக்கு ஒன்றுகூடச் சிமெண்டின் மேல் தங்கக் கூடாது, குறிப்பாக வெளியில் நிற்கப்போகும் சிற்பத்தில். ஈரத்தில் ஜிப்சத்தின் சல்ஃபேட் சிமெண்டோடு வினைபுரிந்து வீங்கும். ஒட்டுப்போடவும் பிளாஸ்டரும் சிமெண்டும் கலக்காதீர்கள்.

பெரியது வேண்டுமென்றால்

நிற்கும் இடத்திலேயே கம்பியும் வலையும் கட்டிச் சிமெண்ட் பூசும் ஃபெரோசிமெண்ட் முறை இருக்கிறது. சிற்பி நிகி டி செய்ன்ட் ஃபால் இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், டாரட் எனும் குறிசொல்லும் சீட்டுகளின் உருவங்களை வைத்து உருவாக்கிய டாரட் தோட்டத்தின் பெரிய உருவங்கள் இரும்புக் கூட்டின் மேல் சிமெண்ட் போட்டு எழுந்தவையே. கூடுகளை வெல்டிங் செய்வதில் அவருடைய கணவரும் சிற்பியுமான ழான் டிங்குவேலி பங்கெடுத்தார். 1970களின் இறுதியில் தொடங்கிய தோட்டம் 1998இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. அவர்களுக்கு உதவிக் குழுவும் இருந்தது. இருவர் மட்டும் இரண்டு மீட்டர் உருவம் செய்ய ஒரு பருவம் ஒதுக்குவது நியாயமான கணக்கு.

அடித்தளத்தில் 12 மி.மீ. கம்பிகள் 40 செ.மீ. ஆழம் புதைந்திருக்க வேண்டும். உருவத்தை 8 மி.மீ. கம்பியில், 15 செ.மீ. இடைவெளியில் வளைத்துக் கட்டி, உள்ளும் புறமும் துத்தநாகம் பூசிய கோழிவலை இரண்டிரண்டு அடுக்கு. வலை தளர்ந்திருந்தால் கரண்டி பட்டதும் ஸ்பிரிங் போல அசைந்து, ஒட்டிய கலவையை உதறும். ஒரு சாண் இடைவெளியிலாவது கட்டுக்கம்பி போடுங்கள். பூசும்போது ஒருவர் வெளியிலிருந்து கலவையை அழுத்த, மற்றவர் உள்ளேயிருந்து சிறு பலகையால் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். தனியாளாக அடித்தால் கலவை வலையைத் தாண்டி விழும், கம்பிக்குப் பின்னால் காற்றுப்பொந்து நிற்கும். பொந்தில் நீர் சேரும், இரும்பு துருவாகிப் பல மடங்கு பருக்கும், மேலே உள்ள சிமெண்ட் பிளந்துகொள்ளும். தடித்த கம்பியின் மேல் 2 செ.மீ. கலவை இருக்கட்டும். கூடான உருவத்தின் அடியில் 12 மி.மீ. வடிகால் துளைகள் குறைந்தது இரண்டு வேண்டும்.

சுடுமண், கல்: சுருக்கமாக

சுடப்போகும் சிற்பத்துக்குள் கம்பி இருக்கக் கூடாது. உலரும்போது களிமண் சுருங்கும், கம்பி சுருங்காது, வெடிக்கும். களிமண்ணில் கால் பங்கு சுட்ட மண்பொடி சேர்த்து, 2 முதல் 3 செ.மீ. கனத்தில் கூடாகக் கட்டுங்கள். முழுதாகக் காய்ந்ததா என்பதற்குக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சூளையில் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே பல மணி நேரம் நிறுத்துவதுதான் உயிர்நாடி. சிற்பங்கள் சூளைக்குள் வெடிப்பது பெரும்பாலும் நீராவியால். காற்றுக்குமிழி மேல் போடும் பழி மிகை. 573 டிகிரியில் களிமண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென விரியும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே மெதுவாகப் போக வேண்டும்.

மின்சூளை வாங்கும் முன் மாலை நேரத்தில் வீட்டின் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த சூளைக்கு 200 வோல்ட் கிடைத்தால் வெப்பம் கால் பங்கு குறையும், ஏனென்றால் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கடைசி நூறு டிகிரி ஏறாமல் விடியும்வரை தவிக்கும் சூளைகளுக்குக் காரணம் பல நேரம் இதுதான்.

கல்லை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது சுத்தியால் தட்டுங்கள்: கணீரென்றால் நல்ல கல், மொத்தென்றால் உள்ளே விரிசல். தண்ணீர் ஊற்றிக் காயவிட்டால் விரிசல் கோடு மட்டும் கடைசிவரை ஈரமாக நிற்கும். சிற்பி பார்பரா ஹெப்வொர்த் இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூரான செய்ன்ட் ஐவ்ஸில் 1949 முதல் தன் கூடத்தின் திறந்த முற்றத்தில் கல் செதுக்கினார். தூசிக்கும் வெளிச்சத்துக்கும் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மேலே ஒரு கூரை மட்டும் போட்டால் போதும்.

நுரையீரல், தோல், கண்

களிமண் தூசி, சிமெண்ட் தூசி, கல் தூசி மூன்றிலும் சிலிக்கா (மணலில் அதிகம் உள்ள கனிமம்) இருக்கிறது. மணற்கல்லில் மிக அதிகம், கிரானைட்டில் கால் பங்குக்கு மேல் இருப்பது சகஜம், பளிங்கில் குறைவு. கண்ணுக்குத் தெரியாத துகள்தான் நுரையீரலின் அடிவரை போகும். அதனால் வரும் சிலிகோசிஸுக்குக் குணமில்லை. துணி முகமூடி பயன்படாது. என்95 அல்லது அதற்கு மேலானது, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. கூடத்தை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடுப்பு வீட்டுக்குள் வரக் கூடாது. கூடமும் வீடும் ஒரே கூரைக்கடியில் இருக்கும் தம்பதிகளுக்கு இதுதான் கடினமான விதி. சாப்பாட்டு மேசைக்கு வெள்ளைத் தடம் வந்துவிடும்.

ஈரச் சிமெண்ட் கடுங்காரம். தோலில் அப்போது வலிக்காது, சில மணி நேரம் கழித்துப் புண்ணாகும். நைட்ரைல் கையுறை போடுங்கள். முழங்காலிட்டு வேலை செய்யும்போது கால்சட்டை நனைந்தால் உடனே மாற்றுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனை. பாலியஸ்டர் பிசின் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நிகி டி செய்ன்ட் ஃபாலின் நுரையீரல் அந்தப் பிசினின் புகையாலும் தூசியாலும்தான் கெட்டது. விறகு, எரிவாயு, கரி எரியும் எதையும் மூடிய அறையில் வைத்துத் தூங்காதீர்கள். சிற்பி ழான் ஆர்ப்பின் மனைவியும் கலைஞருமான சோஃபி டாய்பர் 1943 ஜனவரியில் சூரிச்சில் இறந்தது, தூங்கும்போது அடுப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடால்.

கிரைண்டர் ஓடும்போது மற்றவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். தொலைபேசிக் கோபுரம் எங்கே எட்டும், எங்கே எட்டாது என்று இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். சூளையை அணைப்பதும் செயின் புல்லியை இறக்குவதும் ஒருவருக்கு மட்டும் தெரிந்த வித்தையாக இருக்கக் கூடாது.

வெளியே அனுப்பும்போது

ஒவ்வொரு கலவைக்கும் தேதி, அளவு, அன்றைய வெப்பம், என்ன தவறியது என்று ஒரே நோட்டில் இருவரும் எழுதுங்கள். முடிந்த சிற்பத்தை எடை போட்டு, அடிப்பக்கத்தில் அழியாத வண்ணத்தில் கிலோவை எழுதிவிடுங்கள். நைலான் பெல்ட் எங்கே போட்டுத் தூக்கினால் சாயாமல் நிற்கிறது என்று மூன்றுகால் தாங்கியில் ஒருமுறை பார்த்து, அந்த இரண்டு இடத்திலும் சாக்பீஸால் குறியிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வருபவர்கள் பெரும்பாலும் கைக்கு வசதியான இடமாகப் பார்த்துச் சிற்பத்தின் கழுத்தைத்தான் பிடிப்பார்கள்.